தண்டர்பேர்ட் காலையில் திறக்காவிட்டால் முதல்நாள் பின்னேரத்தைப் பாருங்கள்

தங்கச்சி, வேறு ஆட்களும் வாசித்தால் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் பிரச்சினையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிக்குடியில் ஒரு அச்சகம். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், நினைவு மலர் என்று ஓர்டர் எல்லாம் மெயிலில்தான் வருகிறது. விண்டோஸ் 10 போட்ட ஒரு டெஸ்க்டொப், அதில் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரல், பொப் என்ற வகை மெயில் கணக்கு. சில காலையில் ஐகனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. சில காலையில் ‘தண்டர்பேர்ட் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் இல்லை’ என்று ஒரு பெட்டி வரும். ஒருநாள் புதிதாகக் கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்டது. இன்னொருநாள் திறந்தது, ஆனால் இன்பொக்ஸ் வெறுமை. கடையில் கொடுத்தீர்கள், கழற்றித் திரும்பப் போட்டார்கள், ஒரு கிழமை ஒழுங்காக இருந்தது, பிறகு பழையபடி. இப்போது விண்டோஸையே அழித்துப் போடுவோம் என்கிறார்கள். போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். விண்டோஸை அழிக்கும்போது சி டிரைவுக்குள் கிடக்கிற உங்கள் மெயிலும் சேர்ந்து போய்விடும். பொப் கணக்கில் மெயில் உங்கள் கொம்பியூட்டருக்கு இறங்கிவிடுகிறது. சேர்வரில் ஒரு பிரதி எத்தனை நாள் நிற்கும் என்பது அமைப்பைப் பொறுத்தது. ‘அதிகபட்சம் 14 நாள்’ என்ற தெரிவு போட்டிருந்தால், போன மாதம் வந்த ஓர்டர் உலகத்தில் உங்கள் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காப்பியெடுக்காமல் யாரும் எதையும் அழிக்கக் கூடாது.

கழற்றிப் போட்டும் சரிவராததற்குக் காரணம் இருக்கிறது. தண்டர்பேர்ட் இரண்டு இடத்தில் வாழ்கிறது. நிரல் ‘புரோகிராம் பைல்ஸ்’ போல்டருக்குள். உங்கள் கணக்கு, பாஸ்வேர்ட், முகவரிப் புத்தகம், மெயில் எல்லாம் புரொபைல் என்ற தனிப் போல்டருக்குள். அன்இன்ஸ்டோல் செய்தால் முதலாவதுதான் போகும். இரண்டாவதைச் சாதாரணமாக அது தொடாது. அச்சகத்துக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: கிடங்கில் தாள் நனைந்து கிடக்க, மெஷினை மட்டும் புதிதாக மாற்றினால் அச்சு எப்படி வரும்? கோளாறு பத்தில் ஒன்பதுக்குப் புரொபைலில், அல்லது அந்தப் புரொபைலை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருப்பதில். கடையில் போட்ட பிறகு ஒரு கிழமை ஒழுங்காக ஓடியதும் இதனால்தான். அங்கே கொம்பியூட்டரை முறையாக மூடி, திரும்பத் திறந்து, ரீஸ்டார்ட் செய்திருப்பார்கள். இன்ஸ்டோல் செய்யாமல் அதை மட்டும் செய்திருந்தாலும் அந்த ஒரு கிழமை கிடைத்திருக்கும்.

ஆகவே காலையில் என்ன நடந்தது என்பதை விட, முதல்நாள் பின்னேரம் அதை எப்படி மூடினீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். எக்ஸ் பொத்தானை அழுத்தியதும் ஜன்னல் உடனே மறையும், நிரல் மறைவதில்லை. பின்னால் இருந்து குப்பையைக் காலி செய்யும், போல்டர் அட்டவணைகளை எழுதி முடிக்கும், அமைப்புக் கோப்பைச் சேமிக்கும். மெயில் குறைவென்றால் இது கண்மூடித் திறப்பதற்குள் முடியும். உங்களைப் போல வருடக்கணக்கில் பிடிஎஃப் குவிந்து கிடக்கிற இடத்தில், பழைய ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தால், நேரம் எடுக்கும். அதற்குள் நாம் என்ன செய்கிறோம்? கடை பூட்டுகிற அவசரத்தில் மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறோம். அல்லது சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கையே பிடுங்குகிறோம். அல்லது கரண்ட் தானாகவே போகிறது.

இதை ஒருக்கா கண்ணால் பாருங்கள். இன்று பின்னேரம் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடுங்கள். மேலே ‘அப்ஸ்’ பகுதியில் இருந்த பெயர் கீழே ‘பின்னணிச் செயல்கள்’ பகுதிக்கு இறங்கும். பக்கத்தில் டிஸ்க் என்ற தலைப்பின் கீழ் எண் துள்ளிக்கொண்டிருக்கும். அது எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண் பூச்சியத்துக்கு வந்து, பெயரும் பட்டியலில் இருந்து போன பிறகுதான் அது உண்மையாக மூடப்பட்டது. பெயர் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். அது ஒரு நிமிடத்தைத் தாண்டினால் உங்கள் கோளாறின் பாதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

‘ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்ற பெட்டிக்கும் இதே கதைதான். ஒரு புரொபைலை ஒரு நேரத்தில் ஒரு தண்டர்பேர்ட் மட்டும் திறக்கலாம். இரண்டு பேர் ஒரே கோப்பில் எழுதினால் மெயில் சிதைந்துவிடும் என்பதால், திறக்கும்போது புரொபைலுக்குள் ‘பேரன்ட்.லொக்’ என்ற சின்னக் கோப்பு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பழைய தண்டர்பேர்ட் பின்னால் உயிரோடு இருந்தால் பூட்டும் அதன் கையில்தான் இருக்கும், புதிதாக வருகிறவருக்கு அந்தப் பெட்டிதான் காட்டப்படும். லப்டொப்பை மூடித் திறக்கிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஸ்லீப்பில் போன நிரல் காலையில் அரை உயிரோடு எழும்பும்.

பெட்டி வந்தால் ஐகனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். டாஸ்க் மனேஜரைப் பாருங்கள். தண்டர்பேர்ட் பெயர் இருந்து டிஸ்க் எண் துள்ளினால், தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். எழுதுகிற நேரத்தில் ‘என்ட் டாஸ்க்’ கொடுத்தால் இன்னொரு கோளாறு பிறக்கும். எண் அசையாமல் சில நிமிடம் கிடந்தால்தான் என்ட் டாஸ்க். பெயரே இல்லை, ஆனால் பெட்டி மட்டும் வருகிறது என்றால் புரொபைலுக்குள் போய் அந்த பேரன்ட்.லொக் கோப்பை அழித்துப் பாருங்கள். இது ஒரு நல்ல சோதனை. விண்டோஸ் அழிக்க விட்டால் யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. ‘கோப்பு பாவனையில் உள்ளது’ என்று மறுத்தால் எங்கேயோ ஒரு தண்டர்பேர்ட் இன்னும் ஓடுகிறது, அல்லது அன்டிவைரஸோ காப்பி எடுக்கிற நிரலோ அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அழிப்பதால் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த முறை திறக்கும்போது அது தானாக உண்டாகும்.

புரொபைலுக்குப் போகிற வழி: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சின்னப் பெட்டியில் அப்டேட்டா என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் அடித்து, சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு சதவீதக் குறி போட்டு என்டர் கொடுங்கள். ரோமிங் என்ற போல்டர் திறக்கும். அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் புரொபைல்ஸ். உள்ளே எட்டு எழுத்துக் குழப்பத்தோடு தொடங்கி ‘டிஃபோல்ட்’ அல்லது ‘டிஃபோல்ட்-ரிலீஸ்’ என்று முடிகிற போல்டர்கள் இருக்கும். எத்தனை இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

புதிதாகக் கணக்குத் தொடங்கச் சொன்ன நாள் உங்களுக்கு நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். பெரும்பாலும் மெயில் எங்கும் போகவில்லை. தண்டர்பேர்ட் வேறொரு வெறும் புரொபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்து முழிக்கிறது. 2019இல் வந்த 68ஆம் பதிப்பில் இருந்து, இன்ஸ்டோல் செய்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு புரொபைல் என்ற முறை வந்தது. கடைத்தம்பி முதலில் 32 பிட் பதிப்பைக் கழற்றி, அடுத்து 64 பிட் பதிப்பைப் போட்டிருந்தால் நிறுவிய இடம் மாறிவிட்டது. தண்டர்பேர்ட் ‘இது புது வீடு’ என்று நினைத்துப் புதுப் புரொபைல் ஒன்றைத் திறந்திருக்கலாம். அங்கே மின்னஞ்சல் முகவரியையும் பாஸ்வேர்டையும் அடித்துக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் இரண்டு புரொபைலில் இரண்டு விதமாக மெயில் இறங்கிப் பிரிந்து கிடக்கும். பொப் கணக்கில் அதை ஒன்றுசேர்ப்பது பெரிய தலையிடி.

செய்ய வேண்டியது வேறு. தண்டர்பேர்டை மூடுங்கள். அதே ஆர் பெட்டியில் நிரலின் பெயரை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு, ஒட்டினாற்போல் பெரிய பி எழுத்தை அடித்து என்டர் கொடுங்கள். புரொபைல் மனேஜர் வரும். பட்டியலில் எது உங்களுடையது என்று பெயரைப் பார்த்துத் தெரியாது. புரொபைல்ஸ் போல்டருக்குள் போய் அளவைப் பாருங்கள். ஜிபிக்கணக்கில் இருப்பது உங்களுடையது, சில எம்பியில் இருப்பது புது வெறும் புரொபைல். பெரியதைத் தெரிவு செய்து, ‘தொடங்கும்போது கேட்காமல் இதையே பயன்படுத்து’ என்பதில் சரி போட்டுத் திறவுங்கள். வெறுமையானதைப் பட்டியலில் இருந்து எடுக்கிற அவசரம் ஒன்றுமில்லை. மனேஜரில் ‘டிலீட்’ அழுத்தினால் கோப்புகளையும் அழிக்கவா என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு ஆம் சொல்லி வருடக்கணக்கு மெயிலைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு இன்னொரு உறவினர் உண்டு. பென்டிரைவில் வைத்திருக்கிற பழைய இன்ஸ்டோலரைக் கொண்டு போட்டுவிடுவார்கள். புதிய பதிப்பு ஓடிய புரொபைலைப் பழைய பதிப்பு திறக்காது, ‘நீங்கள் பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள்’ என்று சொல்லிப் புதுப் புரொபைல் உண்டாக்கச் சொல்லும். உண்டாக்காமல் வெளியே வந்து, தண்டர்பேர்டின் சொந்தத் தளத்தில் இருந்து கடைசிப் பதிப்பை இறக்கிப் போடுங்கள். அவ்வளவுதான். விண்டோஸ் 7, 8, 8.1 வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் 115ஆம் பதிப்புத்தான் எல்லை. அதற்கு மேற்பட்ட பதிப்பு அதில் ஓடாது.

இனி வெறுமையான இன்பொக்ஸ். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கு இதுதான் மெய்யான ஆபத்து.

தண்டர்பேர்ட் சாதாரணமாக ஒரு போல்டரில் உள்ள எல்லா மெயிலையும் ஒரே கோப்பில், ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைக்கும். புரொபைலுக்குள் ‘மெயில்’ என்ற போல்டரைத் திறந்து, உங்கள் சேர்வரின் பெயருள்ள போல்டருக்குள் போனால் ‘இன்பொக்ஸ்’ என்று பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரு கோப்பு இருக்கும். உங்கள் இன்பொக்ஸ் முழுவதும் அந்த ஒரு கோப்புத்தான். அதன் பக்கத்தில் அதே பெயரோடு எம்எஸ்எஃப் என்று முடிகிற ஒன்று இருக்கும். அது அட்டவணை மட்டும்: எந்த மெயில் கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, வாசித்ததா இல்லையா என்ற விபரம். நீங்கள் திரையில் பார்க்கிற பட்டியல் அந்த அட்டவணையில் இருந்து வருவது. மூடும்போது கரண்ட் போனால் முதலில் பழுதாவது இந்த அட்டவணைதான். பட்டியல் வெறுமையாகத் தெரியும், அல்லது ஒரு மெயிலை அழுத்தினால் வேறொன்று திறக்கும்.

எனவே வெறுமை தெரிந்தால் முதலில் இன்பொக்ஸ் கோப்பின் அளவைப் பாருங்கள். அது பழையபடி பெரிதாக இருந்தால் மெயில் பத்திரம். தண்டர்பேர்டில் இன்பொக்ஸின் மேல் வலது கிளிக் செய்து, புரொபர்டீஸ், அதில் ‘ரிப்பேர் போல்டர்’. அட்டவணையைப் புதிதாக எழுதும். கோப்பு பெரிதென்றால் நேரம் எடுக்கும், கீழே ஓடுகிற வரியைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். தண்டர்பேர்ட் திறக்கவே மறுக்கிறது என்றால், அதை மூடிய நிலையில் அந்த எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறவுங்கள், தானாகப் புதிது எழுதும். கவனம்: எம்எஸ்எஃப் உள்ளது அட்டவணை, இல்லாதது மெயில். இரண்டையும் மாற்றிப் பிடித்துவிட வேண்டாம்.

இன்பொக்ஸ் கோப்பே காணவில்லை அல்லது சில கேபிதான் என்றால் அன்டிவைரஸின் ‘குவாரன்டைன்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான மெயில் ஒரே கோப்பில் இருப்பதால், ஒரேயொரு மெயிலில் வைரஸ் இருந்தாலும் அன்டிவைரஸ் இன்பொக்ஸ் முழுவதையும் தூக்கிக் கொண்டுபோய் அடைத்துவிடலாம். அங்கே இருந்தால் திரும்ப எடுங்கள். பிறகு தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் அன்டிவைரஸ் என்று ஒன்று இருக்கிறது. வருகிற மெயிலைத் தனித்தனியாக அடைக்க விடும் தெரிவு. அதில் சரி போட்டால் மெயில் முதலில் தற்காலிகக் கோப்பாக இறங்கும்; சோதனையில் தப்பினால்தான் இன்பொக்ஸில் சேரும். அதோடு அன்டிவைரஸில் புரொபைல் போல்டருக்கு விலக்குக் கொடுங்கள். பயம் வேண்டாம், அட்டாச்மென்டை நீங்கள் வெளியே சேமிக்கும்போதும் திறக்கும்போதும் அது சோதிக்கப்படும். இந்த விலக்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு காலையும் தண்டர்பேர்ட் திறக்க முன் அன்டிவைரஸ் அந்த ஜிபி முழுவதையும் புரட்டிப் பார்க்கக்கூடும். ஐகனை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் சொன்ன நாட்களில் சில இதுவாக இருக்கலாம்.

அளவைப் பற்றி ஒன்று. வாடிக்கையாளர் 15 எம்பி பிடிஎஃப் ஒன்றை அனுப்பினால் உங்கள் இன்பொக்ஸ் 20 எம்பி ஏறும். அட்டாச்மென்ட் மெயிலுக்குள் எழுத்தாக மாற்றப்பட்டு வருவதால் மூன்றில் ஒரு பங்கு கூடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் உங்களுக்கு எத்தனை கோயிலில் இருந்து நோட்டீஸ் வரும், ஒவ்வொன்றும் எத்தனை தரம் திருத்தித் திருத்தி வரும்? தலைவர் பெயர் விட்டுப்போச்சு என்று ஒன்று, உபயகாரர் பெயர் விட்டுப்போச்சு என்று இன்னொன்று. நீங்கள் பழைய பிரதிகளை டிலீட் செய்திருப்பீர்கள். ஆனால் டிலீட் செய்த மெயில் கோப்பில் இருந்து போவதில்லை. ‘அழிக்கப்பட்டது’ என்ற குறி மட்டும் விழும். ‘கொம்பக்ட்’ செய்தால்தான் இடம் குறையும். செட்டிங்ஸில் 200 எம்பிக்கு மேல் மிச்சமாகும் என்றால் கொம்பக்ட் செய்யும்படி ஒரு வரி இருக்கும். அதைத் தன்பாட்டில் ஓடவிடாமல், நீங்களே சனிக்கிழமை மத்தியானம் போல, கரண்ட் நிலையாக இருக்கிற நேரத்தில், காப்பி எடுத்த பிறகு செய்வது நல்லது. கொம்பக்ட் என்பது கோப்பை முழுவதும் திரும்ப எழுதுவது. அதன் நடுவில் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சி டிரைவில் அந்தக் கோப்பளவு வெற்றிடமும் வேண்டும்.

இன்பொக்ஸை வாசல்படியாக மட்டும் வையுங்கள். முடிந்த வேலைகளை ‘2024’, ‘2025’ என்று வருடப் போல்டர்களுக்கு நகர்த்துங்கள். பெரிய பிடிஎஃப்பை வலது கிளிக் செய்து ‘டிட்டாச்’ கொடுத்தால், அதை டிஸ்கில் நீங்கள் சொல்கிற இடத்தில் சேமித்துவிட்டு மெயிலில் இருந்து எடுத்துவிடும்; கடிதம் மட்டும் நிற்கும். அச்சகத்துக்கு இது எவ்வளவோ வசதி, கோப்பு எப்படியும் வேலைப் போல்டருக்குத்தானே போக வேண்டும்.

இவ்வளவும் செய்து, இன்னும் திறக்கும்போது இழுத்தால் ‘டிரபிள்ஷூட் மோட்’. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐகனைத் திறவுங்கள். அட்ஓன், அதாவது மேலதிகமாகச் சேர்த்த துணை நிரல், எதுவும் இல்லாமல் திறக்கும். அப்படித் திறந்து ஒழுங்காக ஓடினால் குற்றவாளி ஓர் அட்ஓன். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு பழைய அட்ஓன்கள் இப்படி வில்லங்கம் செய்வது சகஜம். 2023 ஜூலையில் 115 வந்து முகத்தோற்றமே மாறியபோது பலருக்கு நடந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். ஜன்னல் வெள்ளையாக அல்லது கறுப்பாக மட்டும் வருகிறது என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், கீழே ‘ஹார்ட்வெயார் எக்சலரேஷன்’ என்பதில் சரியை எடுத்துவிடுங்கள். பழைய கிராஃபிக்ஸ் டிரைவரோடு அதற்கு ஒத்துவராது.

அச்சகத்தில் இரண்டு மொனிட்டர் பூட்டியிருந்தால் ஒரு வேடிக்கையான கோளாறும் உண்டு. தண்டர்பேர்ட் இரண்டாவது மொனிட்டரில் நின்ற இடத்தை நினைவு வைத்திருக்கும். அந்த மொனிட்டரைக் கழற்றினால் இல்லாத திரையில் போய்த் திறந்து நிற்கும், உங்களுக்குத் தெரியாது. கீழே டாஸ்க்பாரில் ஐகன் எரிகிறது, ஜன்னல் மட்டும் இல்லை என்றால் இதுதான். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடதுபக்க அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், ஓடி வந்துவிடும். வரவில்லையென்றால் தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொபைலில் ‘எக்ஸ்யூஎல்ஸ்டோர்’ என்று தொடங்குகிற கோப்பை நகர்த்துங்கள். ஜன்னலின் இடம், அகலம் போன்றவைதான் அதில் இருக்கின்றன.

புரொபைலுக்குள் நிற்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பிரெஃப்ஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்க வேண்டும், உங்கள் கணக்கு அமைப்பு முழுவதும் அதில்தான். பிரெஃப்ஸ்-1, பிரெஃப்ஸ்-2 என்று குட்டிகள் வரிசையாகக் கிடந்தால், தண்டர்பேர்ட் அமைப்பைச் சேமிக்க முயலும்போது யாரோ தடுக்கிறார்கள். கோப்பு ‘ரீட் ஒன்லி’ ஆகியிருக்கலாம், அல்லது அன்டிவைரஸ். செய்த மாற்றமெல்லாம் அடுத்த நாள் மறந்துபோகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு காலையும் கூகுள் உள்நுழைவு ஜன்னல் வந்து தொல்லை கொடுத்தால், தண்டர்பேர்டின் பிரைவசி அமைப்பில் குக்கி (தளங்கள் வைக்கிற சின்ன நினைவுக் குறிப்பு) ஏற்பதை நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் கூகுள் ஜன்னல் வழியாக நுழைகிற ஓஓத் 2 முறைக்குக் குக்கி வேண்டும். சாதாரணப் பாஸ்வேர்டால் மட்டும் நுழைவதைக் கூகுள் தனியாள் கணக்குகளுக்கு 2022 மே 30ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய பழைய புரொபைலைத் தூக்கி வைத்திருக்கிறவர்கள் சேர்வர் அமைப்பில் முறையை ஓஓத் 2 என்று மாற்ற வேண்டும்.

அவுட்லுக் பாவிக்கிறவர்கள் கேட்டால்: மருந்தின் பெயர் வேறு, வைத்தியம் ஒன்றுதான். கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு திறந்தால் சேஃப் மோட். மெயில் இருக்கிற பிஎஸ்டி கோப்புப் பழுதென்றால் ஸ்கான்பிஎஸ்டி என்ற கருவி கூடவே வருகிறது. கோப்பைக் காப்பியெடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

கடைசிச் சந்தேக நபர் ஹார்ட் டிஸ்க். மற்ற நிரல்கள் எப்போதாவது எழுதும், மெயில் நிரல் நாள் முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் டிஸ்க் சாகத் தொடங்கினால் முதலில் முனகுவது இதுதான். கோப்பு கொப்பி செய்யும்போது இடையில் நின்று நின்று போகிறதா, உள்ளே டிக் டிக் என்ற சத்தமா, டாஸ்க் மனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றுவிடுகிறதா? ஒன்று இருந்தாலும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் காப்பி எடுங்கள். கழற்றிப் போடுகிற காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் எஸ்எஸ்டி என்ற வேகமான புதுவகை டிஸ்க் ஒன்றை வாங்கலாம். அதற்கு மாறியவர்களுக்கு மூடுகிற நேரமே கணிசமாகக் குறையும்.

யூபிஎஸ் இருக்கிறதென்று எழுதியிருந்தீர்கள். கரண்ட் இருக்கிற நேரத்தில் சுவரில் உள்ள சுவிட்சை ஓஃப் செய்து பாருங்கள், முக்கியமான எதையும் திறந்து வைக்காமல். பெரும்பாலான ஒபிஸ்களில் யூபிஎஸ் இருக்கிறது, பற்றரி செத்துப்போய் மூன்று மாரி ஆகியிருக்கும். மேலே பச்சை விளக்கு எரிவதால் யாரும் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், அதற்குள் தண்டர்பேர்டை மூடி, பெயர் போகும் வரை பார்த்து, ஷட் டவுன் கொடுத்துவிடலாம். லேசர் பிரிண்டரை மட்டும் அந்த யூபிஎஸ்ஸில் பூட்டாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கிற கரண்டுக்குச் சின்ன யூபிஎஸ் படுத்துவிடும்.

ஆகவே வரிசை இப்படி. இன்றைக்கு தண்டர்பேர்டை மூடி, டாஸ்க் மனேஜரில் பெயர் போனதை உறுதிப்படுத்தி, ரோமிங்குக்குள் இருக்கிற தண்டர்பேர்ட் போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்கில் கொப்பி செய்யுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த கொப்பி உதவாது. வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் செய்ததாக இருக்கட்டும். பழைய பென்டிரைவ்களின் எஃப்ஏடி32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது, உங்கள் இன்பொக்ஸ் அதைத் தாண்டியிருக்கக்கூடும். தண்டர்பேர்டுக்குள்ளேயே எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள், அது 2 ஜிபிக்கு மேற்பட்ட புரொபைலை எடுக்காது. ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்புக்குள் புரொபைலை வைக்கச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதீர்கள். அதுவும் தண்டர்பேர்டும் ஒரே கோப்பில் கை வைத்து இன்னொரு பூட்டுச் சண்டை தொடங்கும்.

நாளைக்கு அன்டிவைரஸ் விலக்கு, இன்பொக்ஸ் ரிப்பேர், பழைய மெயிலை வருடப் போல்டருக்கு மாற்றுவது. சனிக்கிழமை கொம்பக்ட். அதன் பிறகு இரண்டு கிழமை விட்டுப் பாருங்கள். கோளாறு திரும்பினால் ஒரு கொப்பியில் மூன்று விடயம் எழுதுங்கள்: பெட்டியில் வந்த வசனம் எழுத்துக்கு எழுத்து, முதல்நாள் எப்படி மூடினீர்கள், இடையில் கரண்ட் போனதா. ‘திறக்குதில்லை’ என்று மட்டும் எழுதினால் எனக்கும் கடைத்தம்பிக்கும் ஒன்றும் விளங்காது.

அப்போதும் சரிவரவில்லையென்றால் புரொபைல் மனேஜரில் வெறும் புரொபைல் ஒன்றை உண்டாக்கி, கணக்கு எதுவும் போடாமல் சில நாள் காலையில் திறந்து மூடிப் பாருங்கள். அது ஒவ்வொரு நாளும் ஒழுங்காகத் திறந்தால் பழைய புரொபைலில்தான் சிக்கல். அதிலிருந்து மெயில் கோப்புகளை மட்டும் புதியதன் ‘லோக்கல் போல்டர்ஸ்’ பகுதிக்குக் கொண்டுவரலாம், எப்படி என்று கேளுங்கள், எழுதுகிறேன். வெறும் புரொபைலும் அதே மாதிரி மறுத்தால்தான் விண்டோஸையோ டிஸ்க்கையோ சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால், அந்தக் கட்டத்துக்கு வந்தால் திரும்ப 10 போடுவதில் அர்த்தமில்லை. மெஷின் 11ஐத் தாங்குமா என்று கடையில் முதலில் கேளுங்கள். வெளி டிஸ்கில் எடுத்த காப்பியை மட்டும் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது வீட்டில் இருக்கட்டும்.